வண்டிகள் விட்டுப்போன வழிகள்

சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு பாதையை எடைபோடும்போது முதலில் பார்ப்பது மேட்டைத்தான். எத்தனை கிலோமீட்டர் என்பது அப்புறம். நடுவில் மலை இருக்கிறதா, எதிர்காற்று அடிக்குமா, அறுபது தாண்டிய அப்பாவும் கூட வர முடியுமா என்பதே முதல் கணக்கு. 1993-ல் ஜப்பானின் யமஹா நிறுவனம், மிதிக்கிற காலின் விசையை அளந்து அதற்கேற்ற அளவு மோட்டாரும் சேர்ந்து தள்ளுகிற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கணக்கு அன்றுமுதல் மாறத் தொடங்கியது. இன்று நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் புதிதாக விற்கும் சைக்கிள்களில் ஏறக்குறைய பாதி மின்சைக்கிள்கள்.

மேடு தடையாக இல்லாமல் போனபின், சைக்கிளுக்கு நல்ல பாதை எது? பெயர்பெற்ற பாதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை சைக்கிளுக்காகப் போட்டவையே இல்லை என்பது தெரிகிறது. ரயிலுக்காக, படகு இழுத்த குதிரைக்காக, பால்வண்டிக்காக, ஒரு செல்வந்தரின் சாரட்டுக்காகப் போட்டவை. அந்த வண்டிகள் போய்விட்டன, வழி மட்டும் நின்றது. மலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது; லாரியிடமிருந்து அதனால் நம்மைக் காப்பாற்ற முடியாது. எனவே, கனரக வண்டிகள் கைவிட்ட அல்லது அவற்றை உள்ளே விடாத வழிதான் மின்சைக்கிளுக்கு ஏற்ற வழி என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், அது பொருந்தாத இடங்களையும் பார்ப்போம்.

முதலில் மலையின் கணக்கு. ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 100 கிலோ. இதை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 270 வாட்-மணி ஆற்றல் வேண்டும். உராய்வும் காற்றும் தனி. சந்தையில் நல்ல மின்சைக்கிள்களில் பொதுவாகக் கிடைக்கும் பேட்டரி 500 வாட்-மணி. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1820 முதல் 1825 வரை ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் அமைத்த சாலை அது. பிராத்தோ கிராமத்திலிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகளில், ஏறத்தாழ 24 கி.மீ. தூரத்தில் 1,800 மீட்டருக்கு மேல் ஏறி 2,757 மீட்டர் உயரத்தில் கணவாயைத் தொடுகிறது. கணக்குப்படி, அந்த ஏற்றத்துக்கு மட்டுமே ஒரு முழு பேட்டரி அளவு ஆற்றல் தேவை. மோட்டாரில் ஐந்தில் ஒரு பங்காவது சூடாகவே வீணாகும். ஆகவே பேட்டரியை மட்டும் நம்பிக் கிளம்பியவர் கடைசி வளைவுகளில் 25 கிலோ இரும்பைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பாதி வேலையைக் காலும் பாதியை மோட்டாரும் பகிர்ந்துகொண்டால் மேலே போய்ச் சேரும்போது பேட்டரியில் இன்னும் மீதி இருக்கும். உதவியின் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு ஏறுவதுதான் அனுபவசாலிகளின் முறை.

ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இறக்கம். ஏறும்போது உடம்பிலும் பேட்டரியிலும் செலவான அந்த 500 வாட்-மணி முழுவதும் இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும் சூடாகக் கரைய வேண்டும். பெரும்பாலான மின்சைக்கிள்கள் இறக்கத்தில் பேட்டரியைத் திரும்ப ஏற்றுவதில்லை. பெடல் அச்சோடு மோட்டார் பொருத்திய வகையில் சக்கரம் மோட்டாரைத் திருப்பிச் சுழற்ற வழியே கிடையாது. சாதாரண சைக்கிளைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுதல் எடை. அத்துடன், தன் காலால் மட்டும் அந்த உயரத்துக்கு வந்திருக்கவே முடியாத, மலையிறங்கிப் பழகாத ஓட்டுநர். இந்த இரண்டும் சேரும் இடம் ஆபத்தானது. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க் பழுக்கக் காய்ந்து பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்னால் பலமாகப் பிடித்து, பிறகு விட்டு, ஆறவைத்து இறங்க வேண்டும். ஸ்டெல்வியோவில் ஆண்டுக்கு ஒருநாள் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையைச் சைக்கிள்களுக்கு மட்டும் திறந்துவிடுகிறார்கள். மின்சைக்கிளில் அங்கே போக விரும்புகிறவருக்கு நான் சொல்லக்கூடிய நாள் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அந்த வளைவுகளை ஆள்கின்றன.

மலைநாட்டை மின்சைக்கிளுக்காகவே யோசித்து இணைத்த பாதை ஒன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. ஹெர்ட்ஸ்ரூட்டே என்று பெயர், தேசியப் பட்டியலில் 99-ஆம் எண். மேற்கே லொசான் நகரில் தொடங்கி, கிழக்கே போடன்ஸே ஏரிக்கரையில் உள்ள ரோர்ஷாக் வரை 700 கி.மீ. அளவுக்கு, பதின்மூன்று கட்டங்களாகப் போகிறது. சாதாரணமாகச் சைக்கிள் பாதை அமைப்பவர்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொள்வார்கள், அங்கே மேடு இல்லை என்பதால். இந்தப் பாதையை வகுத்தவர்கள் வேண்டுமென்றே பள்ளத்தாக்கை விட்டு விலகினார்கள். நெடுஞ்சாலையும் ரயிலும் தொழிற்கூடங்களும் பள்ளத்தாக்கில் நெருக்கிக்கொண்டு கிடக்க, குன்றுகளின் முதுகில் பண்ணைகளை இணைக்கும் ஒற்றைத் தார்ப்பாதைகள் வெறுமையாக இருந்தன. பால் ஏற்றவும் வைக்கோல் கொண்டுபோகவும் போட்ட அந்தப் பாதைகளை ஒன்றோடொன்று கோத்தார்கள். எமென்டால் பகுதியில், கூரை தரையைத் தொடுவதுபோல் இறங்கிவரும் பெரிய மரவீடுகளுக்கு நடுவே ஏறி இறங்கிப் போனால், தெற்கே ஐகர், முன்ஷ், யுங்ஃப்ராவ் சிகரங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு மேடும் அடுத்த காட்சிக்கான விலை. அந்த விலையில் பெரும்பங்கை மோட்டார் கட்டிவிடுகிறது.

இந்தப் பாதையின் உண்மையான கண்டுபிடிப்பு பேட்டரி மாற்றும் ஏற்பாடு. வழியிலுள்ள உணவகங்களில், வாடகைக்கு எடுத்த வண்டியின் காலி பேட்டரியைக் கொடுத்துவிட்டு முழுதாக ஏற்றியதை வாங்கிக்கொள்ளலாம். மணிக்கணக்கில் பிளக் அருகே காத்துக்கிடக்க வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நிற்கிற ஊரே பேட்டரி ஊரும் ஆகிவிடுகிறது. அஞ்சல் குதிரைகளை மாற்றிக்கொண்டு ஓடிய பழைய வழக்கம்தான் இது. குன்றுப்புறச் சிற்றூர்களுக்கு இதனால் வருமானமும் வந்தது. மின்சைக்கிள் பாதை ஒன்றைத் திட்டமிடுகிற எந்த அரசும் முதலில் பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டு இதுவே என்று நினைக்கிறேன்.

அடுத்து, ரயில் போன வழிகள். ரயில் செங்குத்தாக ஏறாது. அதற்காக மலையைக் குடைந்தும் பள்ளத்தில் பாலம் கட்டியும் மெல்லமெல்ல உயர்கிற பாதை அமைத்தார்கள். தண்டவாளத்தைக் கழற்றி எடுத்தபின் எஞ்சுவது, இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாத, வேறு வண்டி எதுவும் வராத, ஊரின் பழைய மையத்தைத் தொட்டுச்செல்லும் பாதை. இவ்வளவு மென்மையான ஏற்றத்துக்கு மோட்டார் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் கிரேட் அலெகெனி பாதையில் ஒருமுறை ஏறியவர் கேட்க மாட்டார். பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை 240 கி.மீ.; 2013-ல் முழுமையடைந்தது. கம்பர்லாண்டிலிருந்து புறப்பட்டால் நீர்பிரி முகடு வரை ஏறக்குறைய 38 கி.மீ. தொடர்ந்து ஏற்றம், உச்சியில் உயரம் 729 மீட்டர். எங்கும் செங்குத்து இல்லை, எங்கும் ஓய்வும் இல்லை. மூன்று மணி நேரம் இடைவிடாமல் மிதிக்க வேண்டிய அந்த நீளத்தில்தான் சிறிய மோட்டார் தன் பயனைக் காட்டுகிறது. வழியில் பிக் சாவேஜ் சுரங்கம், ஒரு கிலோமீட்டர் நீளம். அதற்குள் நுழைவதற்குச் சற்று முன், மேரிலாண்டின் மலைகள் அடுக்கடுக்காகத் திறந்துகொள்கின்றன.

கம்பர்லாண்டோடு அது முடிவதில்லை. அங்கிருந்து வாஷிங்டன் வரை 297 கி.மீ. தூரத்துக்குச் செசபீக்-ஒஹாயோ கால்வாயின் கரை போகிறது. கோவேறு கழுதைகள் கயிறுகட்டிப் படகிழுத்த கரை அது. 1828-ல் வெட்டத் தொடங்கி, 1850-ல் கம்பர்லாண்டை எட்டி, 1924 வெள்ளத்தோடு ஓய்ந்த கால்வாய். பின்னாளில் அதன்மேல் மோட்டார் சாலை போடத் திட்டமிட்டபோது, உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதை எதிர்த்தார். 1954-ல் பத்திரிகை ஆசிரியர்களை உடன் அழைத்துக்கொண்டு அந்தக் கரை நெடுக நடந்தார். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-ல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. இன்று ஒருவர் போட்டோமாக் ஆற்றோரம் மர நிழலில் நாள்கணக்கில் ஓட்ட முடிகிறது என்றால், அந்த நடைக்கும் அதில் பங்கு உண்டு.

நியூசிலாந்தின் ஒடாகோ மத்திய ரயில் பாதை இதே வகையில் இன்னும் நிறைவான எடுத்துக்காட்டு. மிடில்மார்ச்சுக்கும் கிளைடுக்கும் இடையே 152 கி.மீ. 1990-ல் ரயில் நின்றது, 2000-ல் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். உச்சி 618 மீட்டர். மரமே இல்லாத, புல் பொன்னிறமாகக் காய்ந்து கிடக்கும் பரந்த சமவெளி. பூல்பர்ன் பள்ளத்தாக்கில் உயர்ந்த பாலமும் இரண்டு சுரங்கங்களும் வரும். சுரங்கத்தில் விளக்கு இல்லை, கைவிளக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கே மலையைவிடப் பெரிய எதிரி வடமேற்குக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுவது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவர் 20 கி.மீ. எதிர்காற்றில் மாட்டினால் அவரைத் தள்ளும் விசை ஐந்து மடங்குக்கும் மேல். சமவெளியில் மின்சைக்கிள் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். இப்போது இந்தப் பாதையில் மின்சைக்கிளை வாடகைக்கு எடுப்பது சகஜமாகிவிட்டது. ரயில் போனபோது வாடத் தொடங்கிய சிற்றூர்களின் விடுதிகள் பல, ஓட்டுநர்கள் இரவு தங்கி உண்பதால் பிழைத்தன. வழியில் ஒட்டுரெஹுவா என்ற ஊரில், கம்பிவேலி இறுக்கும் கருவியால் பெயர்பெற்ற ஹேய்ஸ் பட்டறை அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எர்னெஸ்ட் ஹேய்ஸ் பட்டறையில் கருவி செய்ய, அவர் மனைவி ஹன்னா சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்து வந்தார். கரடுமுரடான மண் வழியில், நீண்ட பாவாடையோடு, அதே காற்றில். மின்சைக்கிளில் அந்த ஊரைக் கடக்கிற யாரும் ஹன்னாவை நினைக்காமல் போகக்கூடாது.

ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் ஒரு விந்தை உண்டு. புவேர்த்தோ செர்ரானோவிலிருந்து ஓல்வேரா வரை 36 கி.மீ. நீளத்துக்கு 1920-களில் ரயில் பாதை அமைத்தார்கள். முப்பது சுரங்கங்கள், நான்கு பெரும் பாலங்கள். பணம் தீர்ந்தது, காலமும் மாறியது, ஒரு ரயில்கூட அதில் ஓடவில்லை. இன்று அந்தச் சுரங்கங்களுக்குள் சைக்கிள்கள் ஓடுகின்றன. சாஃப்ரமாகோன் என்ற தனிப்பாறையில் கூட்டமாக வாழும் கழுகுகள் தலைக்கு மேலே வட்டமிடுகின்றன. ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம், ஒரு பேட்டரிக்குள் அடங்கும் தூரம். முதன்முதலாக மின்சைக்கிளில் நெடும்பயணம் போக நினைப்பவருக்கு இவ்வளவு பொருத்தமான பாதை வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆற்றங்கரைகளில் டான்யூப் முதலிடம் பெறுகிறது. ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை 300 கி.மீ.க்குச் சற்று மேல். குதிரைகள் ஆற்றுக்கு எதிராகக் கப்பல் இழுத்த கரைவழிதான் இன்று தார் போட்ட சைக்கிள் பாதை. மெல்க் மடாலயத்திலிருந்து க்ரெம்ஸ் வரையிலான வாக்காவ் பள்ளத்தாக்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. படிப்படியாக ஏறும் திராட்சைத் தோட்டங்கள், சர்க்கரைப் பாதாமித் தோப்புகள், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறைவைத்த ட்யூர்ன்ஷ்டைன் கோட்டையின் இடிபாடு. உண்மையைச் சொன்னால், ஆற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கிப் போனால் இங்கே மோட்டாருக்கு அதிகம் வேலை இல்லை. ஆனால் கரையை விட்டு ஒரு கிலோமீட்டர் விலகி, திராட்சை மலையின் உச்சிக் கிராமத்துக்கு ஏறலாம் என்ற துணிவை மோட்டார் தருகிறது. டான்யூபை மேலிருந்து பார்க்காமல் அந்தப் பள்ளத்தாக்கை முழுமையாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

கடலைக் கடக்கும் பாதை ஒன்றைச் சேர்க்காவிட்டால் இந்த வரிசை குறையுடையதாகிவிடும். ஜப்பானின் ஷிமனாமி கைடோ, ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை ஏறக்குறைய 70 கி.மீ., நடுவில் ஆறு தீவுகள். 1999-ல் முழுமையாக இணைந்த இந்தப் பாலங்களில் கார்களுக்கு விரைவுச்சாலை, சைக்கிளுக்குத் தனி வழி. கப்பல்கள் அடியில் போக வேண்டும் என்பதால் பாலங்கள் மிக உயரம். ஒவ்வொரு தீவிலும் கடல்மட்டத்திலிருந்து பாலத்தின் மட்டத்துக்கு ஏறி மறுபடி இறங்க வேண்டும். சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும் சாய்தளங்களைச் சைக்கிளுக்கென்றே அமைத்திருக்கிறார்கள். சாலையோரம் நீலக்கோடு ஒன்று கடைசிவரை வழிகாட்டுகிறது. வரைபடமே தேவையில்லை. இகுச்சி தீவின் எலுமிச்சைத் தோட்டங்களைக் கடந்தால் 1,480 மீட்டர் நீளத் தத்தாரா பாலம். கடைசியில் மூன்று தொங்குபாலங்கள் தொடராக நிற்கும் குருஷிமா நீரிணை, ஏறத்தாழ நான்கு கி.மீ. இங்கே சைக்கிள் வழி யாரும் கைவிட்ட வழி அல்ல. பாலம் கட்டும்போதே அதற்கும் இடம் வைத்தார்கள். என் முடிவுக்கு விலக்கான இந்த எடுத்துக்காட்டை நான் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறேன்.

தொலைதூரம் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதாவது சொந்த மின்சைக்கிளோடு விமானத்தில் வெளிநாடு போவது நடவாது. வாடகைக்குக் கிடைக்கும் ஊர்களே வெளியூர்க்காரருக்கு மின்சைக்கிள் ஊர்கள். பாதை எவ்வளவு அழகானதாக இருந்தாலும் அதன் வாயிலில் நல்ல வாடகைக்கடை இல்லையென்றால் பயனில்லை.

இனி, அனுமதி. மலை தடையாக இருந்த இடத்தில் இப்போது சட்டம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கி.மீ. வரை மட்டும் உதவி, மிதித்தால்தான் ஓடும் என்றிருந்தால் அது சைக்கிள்; மீறினால் மோட்டார் வண்டி. ஜப்பானில் 24 கி.மீ.யோடு உதவி நிற்க வேண்டும். சிங்கப்பூரில் மின்சைக்கிளைப் பதிவு செய்ய வேண்டும், 2022 முதல் தேர்வும் எழுதியாக வேண்டும், நடைபாதையில் ஓட்டக்கூடாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கின்றன: மிதித்தால் மட்டும் மணிக்கு 32 கி.மீ. வரை உதவுவது முதல் வகுப்பு. மிதிக்காமலே அதே வேகத்துக்குப் போகக்கூடியது இரண்டாம் வகுப்பு. மிதித்து 45 கி.மீ. வரை போவது மூன்றாம் வகுப்பு. வகுப்பு எது என்பதைப் பொறுத்தே காட்டுப்பாதையின் வாயில் திறக்கும் அல்லது மூடும்.

இந்த விவாதம் முழுவதையும் அகேடியா தேசியப் பூங்காவில் பார்க்கலாம். மெய்ன் மாநிலத்தின் மவுண்ட் டெசர்ட் தீவில், மோட்டார் காரின் கால் படாத வழி வேண்டும் என்று விரும்பிய ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1913 முதல் 1940 வரை சாரட்டுப் பாதைகளை அமைத்தார். உடைத்த கற்களால் பரப்பிய அகன்ற வழி, மலைச்சரிவின் வளைவுக்கேற்ற மென்மையான ஏற்றம், ஒவ்வொன்றும் தனி வடிவில் கருங்கல் பாலங்கள். பூங்காவுக்குள் மட்டும் 72 கி.மீ. மோட்டாரை விலக்கவே பிறந்த வழியில் மோட்டார் பொருத்திய சைக்கிளை விடலாமா? 2019-ல் அமெரிக்க உள்துறை மின்சைக்கிள்களைச் சைக்கிள்களாக நடத்தலாம் என்று ஆணையிட்டபின், அகேடியா முதல் வகுப்பை மட்டும் சாரட்டுப் பாதைகளில் அனுமதித்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். அந்தப் பாதைகளில் குதிரைகளும் நடப்பவர்களும் உண்டு. மிதிக்கிற காலின் வேகத்துக்கு வண்டி கட்டுப்பட்டிருக்கும் வரை அவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. கைப்பிடியைத் திருகினாலே பாயும் வண்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. யூட்டாவின் மோவாபில் வேறுவிதம்: புகழ்பெற்ற ஸ்லிக்ராக் பாறைப்பாதை 1969-ல் மோட்டார் சைக்கிளுக்காகவே குறிக்கப்பட்டது, ஆகவே அங்கே மின்சைக்கிளுக்குச் சிக்கல் இல்லை.

இந்தியச் சட்டம் தாராளமானது. 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். இங்கே குறை சட்டத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். நம் கடைகளில் விலை குறைந்த மாடல்களில் 36 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 250 வாட்-மணி. மேலே சொன்ன கணக்குப்படி அது தனியாகப் போதாது. மேலும், இவற்றில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். கியர் மாற்றினாலும் மோட்டாருக்கு அது உதவாது. வளைவுகளில் வேகம் குறையக் குறைய மோட்டார் திணறிச் சூடாகும். பெடல் அச்சில் மோட்டார் உள்ள வகை, சைக்கிளின் கியரையே பயன்படுத்திக்கொள்வதால் செங்குத்தில் தாங்கும். கொல்லிமலைக்கும் ஏற்காட்டின் இருபது வளைவுகளுக்கும் போக விரும்புகிறவர் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வண்டி வாங்க வேண்டும். விடியற்காலையில் ஏறிவிடுவது நல்லது, வெயிலுக்காக மட்டுமல்ல, சுற்றுலா வேன்கள் கிளம்புவதற்கு முன்.

முதுமலைச் சாலையையும் திம்பத்தின் 27 வளைவுகளையும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள காடுகள் அவை. பகலிலும் சத்தமில்லாத வண்டி ஒன்று வளைவு திரும்பியதும் யானைக்கு எதிரில் போய் நிற்பது இருவருக்கும் கேடு. மின்சைக்கிளின் அமைதி எல்லா இடத்திலும் நற்குணம் ஆகாது.

தனுஷ்கோடிச் சாலை வேறு வகை. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடும் ஊரோடும் அழிந்த நிலம். 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. சாலை திறந்தது. மேடே கிடையாது, இரண்டு பக்கமும் கடல், ஓயாத காற்று. பருவக்காற்றுக் காலத்தில் பக்கவாட்டில் தள்ளும், மணலையும் சாலைமேல் கொண்டுவந்து கொட்டும். மெல்லிய டயர் வழுக்கும். வார நாளில், காலையில் போனால் ஒப்பில்லாத பாதை. யாழ்ப்பாணத்துத் தீவுச்சாலையும் இதற்கு உறவு: பண்ணைப் பாலத்தில் கடலேரியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவுத் தாம்போதியில் ஏறி, குறிகட்டுவான் இறங்குதுறை வரை. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகு. சைக்கிளை உயிராகக் கொண்ட ஊர் யாழ்ப்பாணம். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் தாம்போதியில் மிதிப்பது எவ்வளவு பாடு என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டாரின் உதவி அங்கே ஆடம்பரமாக இருக்காது.

தமிழ்நாட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு கால்வாய்க் கரைகள். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-ல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய் தஞ்சாவூரைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டம் வரை ஏறத்தாழ 148 கி.மீ. ஓடுகிறது. பராமரிப்புக்காக அதன் கரை நெடுகிலும் மண்வழி உண்டு. ஜூன் மாதம் தண்ணீர் திறந்தபின் அதன் கரையில் போவது டான்யூபுக்குச் சற்றும் இளைத்ததல்ல: ஒருபுறம் நீர், மறுபுறம் நடவு வயல், ஊருக்கு ஊர் மதகு. ஆனால் கரை ஒரே சீராக இல்லை. சில இடங்களில் கப்பி, சில இடங்களில் கருவேல முள், சில இடங்களில் மழைக்குப் பின் உழவு வயல் போன்ற சேறு. டான்யூப் கரையில் ஆஸ்திரியா செய்ததைப்போல் நாமும் கரையின் மேற்பரப்பைச் சீராக்கி, காரும் டிராக்டரும் விரைந்து நுழையாதபடி கல்நட்டு, பஞ்சர் கடையும் சார்ஜ் போட ஒரு பிளக்கும் கிராமத்துக்கு ஒன்று வைத்தால் அது பள்ளிப் பிள்ளைகளுக்கும் வழியாகும்.

இன்னொன்று மயிலாடுதுறை-தரங்கம்பாடி மீட்டர்கேஜ் பாதை. 1926-ல் தொடங்கி 1986-ல் நின்றது, ஏறக்குறைய 30 கி.மீ. மன்னம்பந்தல், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வரிசையாக ஊர்கள். கடைசியில் 1620-ல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையும் கடலும். ரயில் மீண்டும் வேண்டும் என்பது அந்தப் பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமானது, ரயில் வருமானால் சைக்கிள் பாதை பற்றிய பேச்சே வேண்டாம். ஆனால் அது வரும்வரை அந்த நிலம் துண்டு துண்டாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கக்கூடாது. நியூசிலாந்திலும் அமெரிக்காவின் அலெகெனி பாதையிலும் தண்டவாளம் போனபின்னும் வழியை ஒரே நீளமாகக் காத்துவைத்தார்கள். அவர்கள் விரும்பினால் நாளை அதன்மேல் மறுபடி ரயிலும் ஓட்டலாம். தரங்கம்பாடிக்குப் போய்த் திரும்ப 60 கி.மீ., மேடே இல்லாத டெல்டா நிலம். காலும் சேர்ந்து உழைத்தால் நம் கடைகளில் கிடைக்கும் அந்தச் சிறிய பேட்டரியே இதற்குப் போதும். திருக்கடையூரில் சாப்பாட்டுக்கு நிற்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் மீதியும் இருக்கும்.